லோடரின் நெற்றி

அண்ணன் தூங்கிவிட்டான் என்று எழுதினார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்து, மண்மேட்டின் விளிம்பைத் தாண்டி, லோடரோடு கீழே போய்விட்டான் என்று. ஆபீசில் எங்களை உட்கார வைத்து அதைப் படித்துச் சொன்னார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பட்டப்பகல்ல எப்பிடிங்க தூங்குவான்?"

மேலே மின்விசிறி சுற்றியது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அம்மா வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் திரும்பி வரமாட்டான் என்பதை எப்படியோ ஏற்றுக்கொண்டாள். அவன் தூங்கினான் என்பதை மட்டும் அவளால் ஏற்கவே முடியவில்லை. டாக்குரியா ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் சந்து. அங்கே குழாயடியில் யாராவது இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் போதும், தன் பிள்ளையைத்தான் பேசுகிறார்கள் என்று குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவாள். "குடிச்சிருந்திருப்பான்னு பேசுறாளுங்கடா" என்பாள். "அவன் வெத்தல கூடப் போட்டதில்ல."

அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மா முறுக்கும் தட்டையும் சுட்டு லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ் ஆபீசர் வீடுகளுக்குக் கொடுத்து எங்களை வளர்த்தாள். படிப்பு எங்கள் இரண்டு பேருக்குமே ஏறவில்லை. அண்ணன் பத்தாவது வரை போனான், நான் எட்டோடு நிறுத்திவிட்டேன். முறுக்கு வாங்குகிற ஒரு வீட்டு ஐயா கிடர்பூரில் ஒரு சரக்கு யார்டுக்குப் பொறுப்பாக இருந்தார். அவரைப் பிடித்துத்தான் அண்ணன் லோடர் ஓட்டப் போனான். பிறகு அண்ணனைப் பிடித்து நான் அங்கேயே வண்டி பழுது பார்க்கிற ஷெட்டில் டயர் வேலைக்குப் போனேன்.

லோடர் என்றால் முன்னால் பெரிய இரும்பு வாளி வைத்த வண்டி. வாளியைப் பக்கெட் என்போம். கப்பலிலிருந்து இறக்கும் உரத்தை அள்ளி லாரியில் கொட்டுவதுதான் அண்ணனுக்கு வேலை. அந்த வண்டி கார் மாதிரி சக்கரத்தைத் திருப்பித் திரும்பாது. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டாகச் செய்து நடுவில் கீல் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கைச் சுற்றினால் வண்டி இடுப்பை வளைத்துத் திரும்பும். வளைப்பது எண்ணெய். பின்னால் ஒரு தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும். பம்ப் அதை உறிஞ்சி இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ள சிலிண்டர்களுக்குத் தள்ளும். ஸ்டியரிங்குக்கும் அந்த இடுப்புக்கும் நடுவில் கம்பியோ சங்கிலியோ எதுவும் கிடையாது. எண்ணெய் வரவில்லை என்றால் ஓட்டுகிறவன் கையில் இருப்பது வெறும் வளையம்தான். பக்கெட்டைத் தூக்குவதற்கும் அதே தொட்டி, அதே எண்ணெய்.

சாவதற்கு முன்பு அண்ணன் பல தடவை ஷெட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறான். நான் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஷெட்டில் பேச்சு வங்காளமும் இந்தியும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"தாதா, மறுபடியும் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகுது."

தாதா என்று நாங்கள் கூப்பிட்டது ஷெட்டின் பெரிய மெக்கானிக்கை. இந்த ஊரில் அது அண்ணன் என்று அர்த்தம்.

"எப்ப ஆகுது?"

"பக்கெட்ட மேல தூக்கினா ஆகுது. எறக்கினா கொஞ்ச நேரத்துல சரியாயிடுது."

"நீ தூக்காதே. சரியாவே இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். தாதா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, லோடரை ஷெட்டுக்குள் விடச் சொல்லி, படியில் ஏறி, தொட்டி மூடியைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றச் சொன்னார். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"வண்டி கல்யாணப் பொண்ணு மாதிரி வளையுது. நோய் உனக்குத்தான். ஊர்லருந்து ஒரு மதராஸிப் பொண்ணக் கொண்டு வந்து கட்டி வைக்கச் சொல்லு உங்க அம்மாகிட்ட."

"இந்த ஷெட்ல இருந்தா எந்தப் பொண்ணு தாதா வருவா?"

இப்படியேதான் ஒவ்வொரு தடவையும் நடந்தது. அவன் வருவான், இவர் மூடியைத் திறந்து பார்ப்பார், வண்டி சரியாகிவிடும், சிரிப்பார்கள், அவன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கடைசியில் அவன் வருவதையே நிறுத்திவிட்டான். "சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. என் கிட்ட மட்டும் மக்கர் பண்ணுது, அவங்களப் பார்த்தா நல்ல புள்ளையாயிடுது" என்று வீட்டில் சாப்பிடும்போது சொன்னான். "யாரு, அந்த மேனேஜரா?" என்றாள் அம்மா. "இல்லம்மா, லோடரு" என்று சொல்லி, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். பல் தெரிய அவன் சிரித்ததில் எனக்கு நினைவிருப்பது அதுதான் கடைசி.

அன்றைக்கு வெயில் நேரம். யார்டில் ஒரு மண்மேடு போட்டிருந்தார்கள். லோடர் அதன் மேல் ஏறி, பக்கெட்டை முழு உயரத்துக்குத் தூக்கி, வலது பக்கம் திரும்பி, கீழே நிற்கும் பெரிய இரும்புப் பெட்டியில் கொட்ட வேண்டும். அண்ணன் ஏறினான். தூக்கினான். திரும்பவில்லை. நேராகப் போனான். பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், "நேரா போனான், திரும்பவே இல்ல." மேட்டின் மேல் பிரேக் பிடித்து நிற்கிற அளவுக்குக்கூட இடமில்லை. நான் ஓடிப் போனபோது கவிழ்ந்த வண்டியின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே எழுத என்னால் முடியவில்லை.

கிரேன் வைத்து லோடரை நிமிர்த்தினார்கள். கொட்டிப்போன எண்ணெய்க்குப் பதில் புதிதாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். ஸ்டியரிங் நன்றாகத் திரும்பியது. வண்டியில் குறையில்லை, அப்படியானால் ஆளிடம்தான் குறை. அப்படித்தான் தூங்கிவிட்டான் என்று எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து எழுதினார்கள். அதனால் எனக்குக் கோபப்படக்கூட ஆளில்லாமல் போனது.

உடைந்த கேபினோடு லோடரை யார்டின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது. நான் வேலைக்குப் போய்வந்தேன். அந்தப் பக்கம் மட்டும் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன். வீட்டில் அம்மா சாமி படத்தின் முன்னால் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணனுக்காகச் சந்தனம் குழைக்கிற சின்னக் கிண்ணம் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. "என் சந்தனம் அவனுக்கு ஒண்ணும் செய்யலையே" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தச் சந்தனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் லோடரில் ஏறிய முதல் வாரத்திலிருந்து அம்மா வெள்ளிக்கிழமை காலையில் சந்தனப் பொடியைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சின்ன டப்பாவில் போட்டு அவனிடம் கொடுப்பாள். வண்டிக்கு வைக்க. யார்டில் மற்ற டிரைவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, நம் ஆயுத பூஜை மாதிரி வருகிற விஸ்வகர்மா பூஜை அன்றைக்குச் சிந்தூரம் வைப்பதோடு சரி. வாரா வாரம் சந்தனம் வைத்தது அண்ணனின் வண்டிக்கு மட்டும்தான். முதலில் பக்கெட்டில் வைத்தான், ஒரு தடவை உரத்தை அள்ளியதும் போய்விட்டது. பிறகு படிக்கு மேலே, ஒரு தகரப் பலகைக்கு அடியில், தொட்டியின் தலையில் இருக்கும் உருண்டையான கருப்பு மூடியைக் கண்டுபிடித்தான். மழை படாது, யாரும் மிதிக்கமாட்டார்கள். "இதுதான் இதுக்கு நெத்தி" என்று என்னிடம் காட்டியிருக்கிறான்.

மழை ஓய்ந்து விஸ்வகர்மா பூஜை நெருங்கியது. கப்பல் வரத்து கூடிவிட்டது, லோடர்கள் போதவில்லை. பின்னால் கிடக்கும் வண்டிக்குப் புது கேபின் போட்டு ஓட்ட வேண்டும் என்று ஐயா சொல்லி அனுப்பினார். நான் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், ஸ்டியரிங்க நான் பாக்குறேன் சார். தாதா கூட நின்னு பாக்குறேன்."

"நீ டயர் ஆளாச்சேப்பா."

"கத்துக்கிட்டிருக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குடா உனக்கு இது? வேற யாராவது பாக்கட்டும். மனசு தாங்காது."

"அம்மா கேக்குறாங்க சார். தூங்கலன்னு யாராவது சொல்லுங்கன்றாங்க. வண்டியில ஏதாவது இருக்கும் சார்."

"இருந்தா நல்லதுதான்" என்றார். "சரி, பாரு. இருந்துதுன்னா நானே திருத்தி எழுதுறேன். உங்கம்மா முகத்த என்னாலயும் பாக்க முடியல."

அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது ஒரு பழுது. கடவுளே, ஏதாவது ஒன்று உடைந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருவன் ஸ்பேனரைப் பிடித்திருப்பானா, தெரியவில்லை. நான் பிடித்தேன்.

லோடரை ஷெட்டுக்குள் இழுத்து வந்தோம். முதலில் இடுப்புச் சிலிண்டர்கள் இரண்டையும் பார்த்தோம். சீல் கிழிந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே ஒழுகினால் ஸ்டியரிங் தளரும். கிழியவில்லை. பிரஷர் கேஜ் மாட்டிப் பம்பின் அழுத்தத்தைப் பார்த்தோம். முள் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. பம்ப் உறிஞ்சும் குழாயில் எங்காவது காற்று நுழைகிறதா என்று ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் தடவிப் பார்த்தோம். நுழையவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் வால்வைக் கழற்றி, டீசலில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன். ஒரு கீறல் இல்லை. எண்ணெய் வடிகட்டியில்கூடப் பெரிதாக அழுக்கில்லை. அந்த வண்டியை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவன் அண்ணன்தான்.

ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அடுப்பை விட்டு எழுந்து வருவாள்.

"கெடச்சுதாடா?"

"இன்னும் இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"அவன் சும்மா சொல்லமாட்டாண்டா சின்னவனே. நம்மகிட்ட சொன்னானே, சோறு சாப்பிடும்போது. ஒங்க தாதாகிட்ட சொல்லு, பெரியவன் பொய் சொல்லமாட்டான்னு."

அவள் கையில் மாவு காய்ந்திருக்கும். நான் கால் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். கழற்றக் கழற்ற வண்டி நல்ல வண்டியாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பாகம் சரியாக இருக்கும்போதும் அண்ணன் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தூங்கியவனாக ஆனான். ஒரு நாள் வால்வைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கே தோன்றிவிட்டது, ஒருவேளை தூங்கித்தான் இருப்பானோ என்று. ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். தாதா அதைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை.

"விட்டுடு. எல்லாம் பார்த்தாச்சு" என்றார்.

"எல்லாம் பாக்கல தாதா. அவன் சொன்னத நாம செய்யவே இல்ல."

"என்ன சொன்னான்?"

"தூக்கினா கனக்குதுன்னான். நாம தூக்கிப் பாத்ததே இல்ல."

தாதா தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஷெட்டின் கூரை தாழ்ந்தது. உள்ளே பக்கெட்டைத் தூக்கினால் தகரம் கிழியும். அதனால் எந்த லோடர் வந்தாலும் பக்கெட்டைத் தரையில் வைத்துத்தான் பார்ப்போம். அது ஒரு விதி என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை, பழக்கம் அப்படி.

லோடரை வெளியே எடுத்தோம். நானே ஏறி உட்கார்ந்தேன். இருக்கை புதியது, கேபின் புதியது, ஆனால் ஸ்டியரிங் அண்ணன் பிடித்த அதே ஸ்டியரிங். அவன் துணி சுற்றிவைத்த இடத்தில் பசை இன்னும் ஒட்டியது. வெளியே குவிந்து கிடந்த மண்ணை அள்ளினேன், தூக்கினேன், இறக்கினேன். திரும்பவும் அள்ளினேன், முழு உயரத்துக்குத் தூக்கினேன். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. வண்டி நன்றாகச் சூடேறியது. பிறகு எங்கோ அடியில் ஒரு சத்தம் கேட்டது. முனகல் மாதிரி. பம்ப் எதையோ கேட்டு அழுகிற மாதிரி. ஸ்டியரிங்கை வலது பக்கம் சுற்றினேன். நகரவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன், எழுந்து நின்று இழுத்தேன். கல். அண்ணன் சொன்னானே, அதே கல்.

"தாதா! தாதா! கல்லாயிடுச்சு!"

நான் அழுதுகொண்டே கத்தினேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. தூங்கவில்லை. அவன் தூங்கவில்லை. விழித்துக்கொண்டு, இப்படித்தான் எழுந்து நின்று இழுத்திருக்கிறான். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது.

தாதா படியில் ஏறினார். எண்ணெய் அளவைப் பார்க்க எப்போதும் செய்வதையே செய்தார். தகரப் பலகையைத் தூக்கினார், மூடியில் இருந்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மூடியைத் திருகினார்.

உஸ் என்று ஒரு சத்தம். தொட்டி நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. என் கையில் இருந்த ஸ்டியரிங் சட்டென்று இளகி, வண்டி இடுப்பை வளைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பிவிட்டது. தாதா கீழே விழாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் என்ஜினை நிறுத்தினேன். அவர் கையில் மூடி இருந்தது.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. அதன் வழியாகத்தான் தொட்டி மூச்சு விடும். பக்கெட்டைத் தூக்கும்போது தொட்டியில் எண்ணெய் குறையும், குறைந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி நின்றுவிடுமே, அந்த மாதிரி. இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக விழும். எனக்குச் சின்ன வயதில் அதைச் சொல்லிக்கொடுத்தது அம்மா.

மூடியைச் சுற்றி அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். இல்லை. மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாக, அடுக்கு அடுக்காக, சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. சந்தனம் ஈரமாக வழிந்திருக்கிறது, அதில் உரத்தூசி வந்து ஒட்டியிருக்கிறது, அதன் மேல் அடுத்த வெள்ளிக்கிழமை, அதன் மேல் தூசி. தாதா எத்தனையோ தடவை அதைத் திறந்திருக்கிறார். திறந்ததும் காற்று புகுந்து வண்டி சரியாகியிருக்கிறது. பொட்டை யாரும் சுரண்டவில்லை. சாமிக்கு வைத்ததை யார் சுரண்டுவார்கள்?

நான் வாங்கி ஸ்க்ரூடிரைவர் முனையால் கீறினேன். ஒரு அடுக்கு பெயர்ந்து விழுந்தது. அந்த டீசல் நாற்றத்துக்கு நடுவில் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் வருகிற வாசனை வந்தது.

தாதா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுட்டு மூடினேன்" என்றார். "நான்தான் கும்பிட்டு மூடினேன்." அவரை என்ன சொல்லித் தேற்றுவது? என்னைத் தேற்றவே ஆளில்லை.

மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஐயாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அப்போ தூங்கல."

"தூங்கல சார்."

மூடியை மேஜை மேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "திருத்தி எழுதுறேன்னு சொன்னேன், எழுதுறேன். ஆனா எழுதினா எப்பிடி எழுதணும் தெரியுமா? மூடி அடச்சிருந்துது. எதனால? சந்தனத்தால. யாரு வெச்சது? அவனே வெச்சான். அவன் கிட்ட யாரு குடுத்தாங்க? கேப்பாங்கடா. மேல இருக்கறவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பி உங்கம்மாவயே கேப்பாங்க. இப்ப கண்ணசந்துட்டான்னு இருக்கு. எது இருக்கட்டும்னு நீ சொல்லு. நான் அத செய்யறேன்."

அவர் நல்லவர். அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருந்தது. நான் மூடியைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

"இருக்கட்டும் சார்" என்றேன். "அப்பிடியே இருக்கட்டும்."

என் வாயாலேயே என் அண்ணனைத் தூங்க வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா எழுந்து வந்தாள். கேட்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "கெடச்சுருச்சு, இல்ல?"

"கெடச்சுதும்மா. தூங்கல. ஸ்டியரிங் புடிச்சுக்கிச்சு."

அவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதனால புடிச்சுக்கிச்சாம்?" என்றாள்.

"பம்பும்மா. பழைய பம்பு."

"எழுதிட்டாங்களா?"

"எழுதுறேன்னுருக்காரு."

அன்றைக்கே விளக்கேற்றினாள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் எழுந்தபோது வீட்டில் சந்தன வாசனை. கிண்ணம் நிமிர்ந்திருந்தது. "சாமிய தப்பா நெனச்சுட்டேன்டா" என்றாள். "பம்பு கெட்டா அவரு என்ன பண்ணுவாரு. விஸ்வகர்மா பூஜைக்கு வீட்டாளுங்கள உள்ள விடுவாங்கல்ல? நானே வந்து அந்த வண்டிக்கு வெக்கிறேன். பெரியவன் வெச்ச எடத்துலயே வெக்கிறேன்." வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டமாயிருக்கும் என்றேன். துர்கா பூஜைக் கூட்டத்துக்கே போறவடா நான் என்றாள்.

பூஜை அன்றைக்கு யார்டில் எந்த வண்டியும் ஓடாது. ஷெட்டில் சிலை வைத்து, கருவிகளை அதன் காலடியில் பரப்பி, லோடர்களைக் கழுவிச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். குழந்தைகள் பக்கெட்டுக்குள் ஏறிக் குதித்தன. கிடர்பூர் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்து பட்டங்கள் பறந்தன. அம்மா பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். கையில் டப்பா. தாதா அவளைப் பார்த்ததும் சிலைக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் அவளை லோடரிடம் கூட்டிப்போய், கதவுக் கம்பியைக் காட்டினேன். "இங்கதாம்மா வெப்பான்."

அவள் டப்பாவைத் திறந்தாள். அப்போது அந்த வண்டிக்குப் புதிதாக வந்த டிரைவர், நல்ல பையன், பிரசாதத் தட்டோடு ஓடி வந்தான். "மாசிமா, அங்க இல்ல! ஒங்க பெரிய புள்ள மேல படியில வெப்பாரு, நெத்தின்னு சொல்லுவாரு. பக்கத்து வண்டியில இருந்தப்போ நான் பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு அவனே தகரப் பலகையைத் தூக்கிப் பிடித்தான்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். உள்ளே புது மூடி, கருப்பாக, பளபளவென்று.

"ஒண்ணுமே காணோமே. கழுவிட்டீங்களா?"

"புதுசு மாத்திட்டோம்மா."

"பம்பத்தான மாத்துனீங்க? மூடிய ஏன் மாத்துனீங்க?"

அவள் இரண்டு விரலால் சந்தனத்தை எடுத்துக் குனிந்தாள். விரல் மூடியைத் தொடப்போகும்போது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வேண்டுமென்று பிடிக்கவில்லை. கை தானாகப் போனது. இறுக்கமாகப் பிடித்துவிட்டேன், வளையல் அழுத்தியது.

அம்மா என்னைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். அதைச் சுற்றி இருந்த சின்னச் சின்னத் துளைகளைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். சிலைப் பக்கம் தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, விரலில் இருந்த சந்தனத்தைப் பட்டுச் சேலையில் துடைத்தாள். டப்பாவை மூடினாள். படியிறங்கினாள்.

"வீட்டுக்குப் போலாம்டா" என்றாள்.

பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. எழுதினார்களா என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். பழைய பம்ப், தேய்ந்த சீல், எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

துர்கா பூஜைக்கு லேக் கார்டன்ஸ் வீடுகளில் நிறைய முறுக்கு கேட்டிருந்தார்கள். புது எண்ணெய் டின் வந்தது. அம்மா ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வைத்து, டின்னின் ஒரு மூலையில் ஓட்டை போட்டாள். எதிர் மூலையில் ஆணியை நிறுத்தினாள். சுத்தியலை ஓங்கினாள். கை அங்கேயே நின்றுவிட்டது. அடுப்பில் வாணலி காய்ந்து புகைந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"நீ போடுடா" என்று ஆணியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் போட்டேன். எண்ணெய் திக்காமல், சத்தமில்லாமல் பாத்திரத்தில் இறங்கியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.